பெஞ்ச் விற்பனை

பெஞ்ச் விற்பனை என்பது, பணியாளர் அமர்த்தும் நிறுவனம் ஒன்று, தன்னிடம் பணி ஒதுக்கீடு இன்றிக் காத்திருக்கும் பணியாளர்களை, அவர்கள் தேவைப்படக்கூடிய வாடிக்கை நிறுவனங்களுக்கு அறிமுகப்படுத்தி, ஒப்பந்தப் பணியில் அமர்த்தும் செயற்பாடு ஆகும். இது பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவின் தகவல் தொழில்நுட்பத் துறையில் காணப்படுகிறது. வழக்கமான ஆட்சேர்ப்பில் முதலில் வேலை இருக்கும். அதற்கு ஏற்ற ஆள் தேடப்படுவார். பெஞ்ச் விற்பனையில் முதலில் ஆள் இருப்பார். அவருக்கு ஏற்ற வேலை தேடப்படும். இவ்வேலையைச் செய்பவர் பெஞ்ச் ஆட்சேர்ப்பாளர் அல்லது பெஞ்ச் விற்பனையாளர் எனப்படுகிறார்.

இத்தொழிலில் காத்திருப்போரில் பலர் எச்-1பி நுழைவிசைவில் (விசா) உள்ள இந்தியர்கள் ஆவர். நுழைவிசைவு வேலையுடன் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒருவர் எவ்வளவு விரைவாக, எவ்வளவு நேர்மையாகச் சந்தைப்படுத்தப்படுகிறார் என்பது அவருடைய ஊதியத்தை மட்டுமன்றி, அவர் அந்நாட்டில் தங்கியிருக்கும் உரிமையையும் பாதிக்கிறது.

== பெயர் ==

விளையாட்டுக் குழுக்களில், ஆட்டத்தில் இறங்காத மாற்று ஆட்டக்காரர்கள் அமர்ந்திருக்கும் நீள் இருக்கையே பெஞ்ச். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில், ஒரு திட்டம் முடிந்து அடுத்த திட்டம் கிடைக்காமல் இருப்பவர் "பெஞ்சில் இருக்கிறார்" எனக் கூறப்படுவர். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களின் மென்பொருள் நிறுவனங்களிலும் இச்சொல் இதே பொருளில் வழங்குகிறது. ஆனால் இந்தியாவின் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் பெஞ்ச் என்பது நிறுவனத்திற்குள் நடக்கும் உள் ஒதுக்கீட்டுச் சிக்கல். ஐக்கிய அமெரிக்காவின் சிறு பணியமர்த்தல் நிறுவனங்களில், அது வெளிச்சந்தையில் தீர்க்கப்பட வேண்டிய சிக்கல் ஆகும்.

== வரலாறு ==

=== தற்காலிகப் பணியமர்த்தல் ===

ஐக்கிய அமெரிக்காவில் தற்காலிகப் பணியாளர்களை வழங்கும் தொழில் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வளர்ந்தது. 1946 இல் டெட்ராயிட் நகரில் கெல்லி நிறுவனமும், 1948 இல் மில்வாக்கி நகரில் மேன்பவர் நிறுவனமும் தொடங்கப்பட்டன. தொடக்கத்தில் தட்டச்சர், எழுத்தர், பண்டகசாலைத் தொழிலாளர் ஆகியோரே இவ்வாறு வழங்கப்பட்டனர். கணினிகள் பரவிய பின்னர் நிரலாளர்களும் இம்முறையில் வழங்கப்பட்டனர்.

=== வரிச் சட்டமும் இடை நிறுவனங்களும் ===

1986 ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டத்தின் 1706 ஆம் பிரிவு இத்தொழிலின் அமைப்பைப் பெரிதும் பாதித்தது. ஒருவரைச் சுயதொழில் செய்பவராகக் கணக்கிட்ட நிறுவனங்களுக்கு அதற்கு முன்னர் இருந்த ஒரு பாதுகாப்பை, இடைத்தரகர் வழியாக வேலை செய்யும் பொறியாளர், நிரலாளர், முறைமைப் பகுப்பாய்வாளர் போன்றோரின் பொருட்டு இப்பிரிவு நீக்கியது. இதனால் வாடிக்கை நிறுவனங்கள் தனி நிரலாளர்களுடன் நேரடியாக ஒப்பந்தம் செய்யத் தயங்கின. நிரலாளரைத் தம் ஊழியராகக் கொண்ட ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்வதையே அவை விரும்பின.

மைக்ரோசாப்ட் நிறுவனத்திற்கு எதிராக அதன் ஒப்பந்தப் பணியாளர்கள் தொடுத்த விஸ்கைனோ வழக்கு இத்தயக்கத்தை மேலும் கூட்டியது. நீண்டகாலம் பணியாற்றிய ஒப்பந்தப் பணியாளர்களுக்கு ஊழியர் நலன்கள் மறுக்கப்பட்டதே வழக்கின் மையம். 2000 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9 கோடியே 70 இலட்சம் டாலருக்கு இவ்வழக்கு இணக்கமாக முடிந்தது. இதன் பின்னர், ஒப்பந்தப் பணியாளர் ஓரிடத்தில் தொடர்ந்து இருக்கக்கூடிய காலத்திற்குப் பல நிறுவனங்கள் வரம்பு விதித்தன. வரம்பு வந்ததும் பணியாளர் மீண்டும் சந்தைக்கு வருவார். இதுவும் பெஞ்ச் உருவாவதற்கு ஒரு காரணம் ஆகும்.

=== எச்-1பி ===

1990 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் எச்-1பி நுழைவிசைவை உருவாக்கி, ஆண்டுக்கு 65,000 என்ற உச்சவரம்பை விதித்தது. 1990களின் பிற்பகுதியில் 2000 ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலும் இணைய வணிக வளர்ச்சியும் நிரலாளர் தேவையைப் பெருக்கின. உச்சவரம்பு 1999, 2000 நிதியாண்டுகளில் 115,000 ஆகவும், 2001 முதல் 2003 வரையான நிதியாண்டுகளில் 195,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2004 நிதியாண்டில் மீண்டும் 65,000 ஆனது. ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்காக 2004 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மேலும் 20,000 இடங்களைச் சேர்த்தது.

2001 ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவில் திட்டங்கள் பல கைவிடப்பட்டன. பெருந்தொகையான நிரலாளர்கள் ஒரே நேரத்தில் பெஞ்சுக்குத் திரும்பினர். ஐதராபாத்திலிருந்து ஆத்திரேலியாவுக்குச் சென்ற நிரலாளர்களை ஆராய்ந்து மானிடவியலாளர் சியாங் பியாவ் எழுதி 2007 இல் வெளியான "குளோபல் பாடி ஷாப்பிங்" என்னும் நூல், இத்தகைய இடை நிறுவனங்களின் சங்கிலியையும், பணியில்லாக் காலத்தின் சுமை பணியாளர் மீது விழுவதையும் விரிவாகப் பதிவு செய்துள்ளது.

== சங்கிலியில் உள்ளோர் ==

பணியாளருக்கும் அவர் உண்மையில் வேலை செய்யும் இடத்திற்கும் இடையில் பெரும்பாலும் பல நிறுவனங்கள் இருக்கும்.

* இறுதி வாடிக்கையாளர்: வேலை நடைபெறும் இடம். வங்கி, காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனைக் குழுமம், மாநில அரசுத் துறை போன்றவை.
* மேலாண்மை வழங்குநர்: வாடிக்கையாளரின் ஒப்பந்தப் பணியாளர் தேவை முழுவதையும் நிர்வகிக்கும் நிறுவனம். தேவைகள் ஒரு மென்பொருளின் வழியே முகவர்களுக்கு அனுப்பப்படும். 1999 இல் தொடங்கப்பட்டு 2014 இல் எஸ்ஏபி நிறுவனத்தால் வாங்கப்பட்ட பீல்டுகிளாஸ் இத்தகைய மென்பொருள்களுள் ஒன்று.
* முதன்மை முகவர்: வாடிக்கையாளரின் ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ள நிறுவனம். வாடிக்கையாளருக்கு ஆளை அனுப்பும் உரிமை இதற்கே உண்டு.
* இடை முகவர்: முதன்மை முகவருக்கு ஆள் தேடித் தரும் நிறுவனம். ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கலாம்.
* பணிவழங்குநர்: பணியாளரின் நுழைவிசைவு மனுவைத் தாக்கல் செய்து, அவருக்கு ஊதியம் வழங்கும் நிறுவனம். பெஞ்ச் விற்பனையாளர் இந்நிறுவனத்திற்காக வேலை செய்கிறார்.
* பணியாளர்: தொழில் வழக்கில் கன்சல்டன்ட் எனப்படுபவர்.

சங்கிலி நீளும்போது இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன. ஒவ்வொரு கண்ணியும் மணிக்கட்டணத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. மேலும், வாடிக்கையாளரின் உண்மையான தேவை என்ன, பணியாளர் ஏன் மறுக்கப்பட்டார் என்னும் செய்திகள் பணிவழங்குநரை வந்தடையும்போது சிதைந்துவிடுகின்றன. ஆகவே தேர்ந்த பெஞ்ச் விற்பனையாளர், முதன்மை முகவரை நேரடியாக அணுகவே முயல்வார்.

== ஒப்பந்த வகைகள் ==

சந்தையில் மூன்று வகை ஒப்பந்தங்கள் உள்ளன. அவை வரிப் படிவங்களின் பெயராலேயே பெரும்பாலும் அறியப்படுகின்றன.

# டபிள்யூ-2: பணியாளர் முகவரின் ஊழியராகவே சேர்கிறார். முகவரே வரியைப் பிடித்தம் செய்கிறார்.
# 1099: பணியாளர் சுயதொழில் செய்பவராகக் கணக்கிடப்படுகிறார். குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை அட்டை உடையோருக்கும் இது இயலும். மனு செய்த பணிவழங்குநரின் ஊழியராக இருக்கவேண்டிய எச்-1பி பணியாளருக்கு இது பொருந்தாது.
# கார்ப்-டு-கார்ப் (நிறுவனத்திலிருந்து நிறுவனத்திற்கு): பணியாளர் தம் பணிவழங்குநரின் ஊழியராகவே நீடிக்க, இரு நிறுவனங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன.

பெஞ்ச் விற்பனை பெரும்பாலும் மூன்றாவது வகையைச் சார்ந்தது. "டபிள்யூ-2 மட்டும்" என்று குறிப்பிடப்பட்ட தேவைக்குத் தம் எச்-1பி பணியாளரை அனுப்புவது, அவரை மற்றொரு நிறுவனத்திற்கு விட்டுக்கொடுப்பதற்கு ஒப்பாகும். ஆதலால் ஒரு தேவையைப் படிக்கும் விற்பனையாளர், தொழில்நுட்பத்தைப் பார்க்குமுன் ஒப்பந்த வகையைப் பார்க்கிறார்.

== செயன்முறை ==

=== பணியாளரை அறிதல் ===

முதற்படி, விற்கப்படுவது யாருடைய திறன் என்பதை அறிவதாகும். தன்விவரக் குறிப்பை மட்டும் படிப்பது போதாது. கடைசித் திட்டத்தில் அவர் தாமே செய்தது என்ன, குழு செய்தது என்ன, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் வேலை செய்தார், எந்தத் துறையை அறிவார் என்பன நேரில் கேட்டறியப்படுகின்றன. "ஜாவா, 8 ஆண்டுகள்" என்னும் குறிப்பு எவரையும் ஈர்ப்பதில்லை. "காப்பீட்டு இழப்பீட்டுக் கோரிக்கை முறைமை ஒன்றைப் பழைய கணினியிலிருந்து ஜாவாவுக்கு மாற்றிய குழுவில், தரவுத்தளப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர்" என்னும் குறிப்பு, அதே வேலையைத் தொடங்கவிருக்கும் மற்றொரு காப்பீட்டு நிறுவனத்தின் கவனத்தை ஈர்க்கும்.

இத்துடன், பணி தொடங்கக்கூடிய நாள், இடம் மாற விருப்பம், நுழைவிசைவின் வகையும் முடிவு நாளும், தொலைபேசியில் கிடைக்கும் நேரம் ஆகியனவும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளப்படுகின்றன. முகவர் கேட்கும் முதல் 5 கேள்விகளில் இவை கட்டாயம் இருக்கும். விடை தெரியாமல் தயங்கும் விற்பனையாளரிடம் முகவர் மறுமுறை பேசுவதில்லை.

=== தன்விவரக் குறிப்பு ===

ஒரே உண்மையான பணிவரலாற்றை, ஒவ்வொரு தேவைக்கும் ஏற்ப வரிசை மாற்றி எழுதுவது ஏற்கத்தக்க வழக்கம் ஆகும். செய்யாத திட்டத்தைச் சேர்ப்பதும், ஆண்டுகளைக் கூட்டுவதும் மோசடி ஆகும். இவ்விரண்டுக்கும் இடையிலான கோடு தெளிவானது: குறிப்பில் உள்ள ஒவ்வொரு வரியையும் பணியாளர் நேர்காணலில் தாமே விளக்கக்கூடியவராகவும், முன்னைய பணிவழங்குநர் உறுதி செய்யக்கூடியவராகவும் இருத்தல் வேண்டும். திருத்தப்பட்ட குறிப்பு, அனுப்பப்படுமுன் பணியாளரின் பார்வைக்குச் செல்ல வேண்டும்.

=== ஹாட்லிஸ்ட் ===

கிடைக்கக்கூடிய பணியாளர்களின் பட்டியல் தொழில் வழக்கில் ஹாட்லிஸ்ட் எனப்படுகிறது. இது பெரும்பாலும் ஓர் அட்டவணையாக மின்னஞ்சலில் அனுப்பப்படும். திறன், அனுபவ ஆண்டுகள், தற்போதைய ஊர், இடமாற்ற விருப்பம், தொடங்கக்கூடிய நாள் ஆகியன அதில் இருக்கும். பணியாளரின் முழுப்பெயர், பிறந்த நாள், கடவுச்சீட்டு எண், தொலைபேசி எண் போன்றவை இருத்தல் கூடாது. பட்டியல் யார் யாருக்குக் கைமாறும் என்பதை அனுப்பியவர் கட்டுப்படுத்த இயலாது.

பட்டியல் நீளமாக இருப்பதால் பயன் கூடுவதில்லை. 40 பேரைக் கொண்ட பட்டியலை ஆயிரம் பேருக்கு அனுப்புவதைவிட, எஸ்ஏபி மட்டும் தேவைப்படும் முகவருக்கு எஸ்ஏபி தெரிந்த மூவரை மட்டும் அனுப்புவது மறுமொழி பெறும் வாய்ப்பைக் கூட்டும். வேலை கிடைத்துவிட்டவரின் பெயர் பட்டியலில் நீடிப்பது, அடுத்த பட்டியலையும் படிக்கத்தகாததாக ஆக்கிவிடும்.

=== தேவையைத் தேடுதல் ===

தேவைகள் டைஸ் போன்ற வேலைவாய்ப்புத் தளங்களிலும், லிங்க்ட்இன் தளத்திலும், முகவர்கள் அனுப்பும் மின்னஞ்சல்களிலும் கிடைக்கின்றன. இவை தவிர, பணியாளர்கள் முன்பு வேலை செய்த இடங்களும் முக்கியமான ஊற்று ஆகும். ஒரு வங்கியில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்து திரும்பியவரை, அவ்வங்கி மீண்டும் அமர்த்தக்கூடும். அல்லது அவ்வங்கியின் முறைமையை ஒத்த முறைமையைப் பயன்படுத்தும் மற்றொரு வங்கி விரும்பக்கூடும்.

ஒரே வாடிக்கையாளரின் தேவையைப் பல முகவர்கள் வெவ்வேறு சொற்களில் வெளியிடுவர். ஊர், காலம், தொழில்நுட்பத் தொகுப்பு ஆகியவற்றை ஒப்பிட்டு, அவை ஒரே தேவைதானா என்று அறிவது விற்பனையாளரின் அன்றாட வேலைகளுள் ஒன்று. இதனை அறியாதவர், தம் பணியாளரை ஒரே இடத்திற்கு இரு வழிகளில் அனுப்பிவிட நேரிடும்.

=== முகவரை அணுகுதல் ===

மின்னஞ்சல் அனுப்பிய பின் தொலைபேசியில் அழைப்பது வழக்கம். அழைப்பில் முதலில் சொல்லப்பட வேண்டியது, அழைப்பவர் யார் என்பதன்று; எந்தத் தேவைக்கு, எந்தப் பணியாளர், அவர் ஏன் பொருந்துவார் என்பதே. பின்னர் மணிக்கட்டணம், ஒப்பந்த வகை, நேர்காணல் முறை, முகவருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் உள்ள நிறுவனங்களின் எண்ணிக்கை ஆகியன கேட்டறியப்படும். கடைசிக் கேள்விக்கு நேரடி விடை தராத முகவரிடம் பணியாளரை ஒப்படைப்பதில் இடர் உண்டு.

=== முன்னிறுத்தும் உரிமை ===

பணியாளரை ஒரு குறிப்பிட்ட தேவைக்கு அனுப்புமுன், அவரது எழுத்து வடிவ ஒப்புதல் பெறப்படுகிறது. இது முன்னிறுத்தும் உரிமை எனப்படும். வாடிக்கையாளரின் பெயர், ஊர், பணியின் பெயர், மணிக்கட்டணம், நாள் ஆகியன இதில் குறிக்கப்படும். பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல் மறுமொழியே போதுமானதாகக் கொள்ளப்படுகிறது.

ஒரே பணியாளர் இரு முகவர்களின் வழியே ஒரே தேவைக்கு வந்துசேர்ந்தால், எந்த முகவருக்குக் கட்டணம் என்னும் வழக்கில் சிக்க விரும்பாத வாடிக்கையாளர் பெரும்பாலும் அப்பணியாளரையே ஒதுக்கிவிடுவார். தவறு முகவர்களுடையதாயினும் இழப்பு பணியாளருடையது. எனவே எந்த நாளில், எந்த முகவர் வழியே, எந்த வாடிக்கையாளருக்கு அனுப்பப்பட்டார் என்னும் பதிவேடு பெஞ்ச் விற்பனையின் அடிப்படைக் கருவி ஆகும். பணியாளரும் தனியே ஒரு பதிவேடு வைத்திருப்பது நல்லது.

=== நேர்காணலும் உறுதிப்பாடும் ===

தேர்வானவர் முதலில் முகவருடனும் பின்னர் வாடிக்கையாளருடனும் பேசுவார். நேர்காணலுக்கு முன் தேவையின் விவரத்தைப் பணியாளருடன் வரி வரியாகப் படிப்பதும், பின்னர் என்ன கேட்கப்பட்டது என்பதைக் குறித்து வைப்பதும் விற்பனையாளரின் வேலை. பணி உறுதியானபின் நிறுவனங்களுக்கிடையே ஒப்பந்தமும், குறிப்பிட்ட பணிக்கான ஆணையும் கையெழுத்தாகும். பணம் எத்தனை நாளில் வரும், வாடிக்கையாளர் முகவருக்குப் பணம் தராவிடில் முகவர் தரவேண்டுமா என்னும் இரு வரிகளும் ஒப்பந்தத்தில் கவனமாகப் படிக்கப்பட வேண்டியவை.

== ஒருவரை முன்னிறுத்தல் ==

பட்டியலை அனுப்புவதற்கு மாற்றாக, மிக எளிதில் அமர்த்தக்கூடிய ஒரே ஒருவரைத் தேர்ந்து, அவருக்குப் பொருந்தக்கூடிய வாடிக்கையாளர்களை நேரடியாக அணுகும் முறையும் உண்டு. இம்முறை ஐக்கிய அமெரிக்காவின் பொதுவான ஆட்சேர்ப்புத் தொழிலில் நெடுநாளாக உள்ளது. தேவை எதுவும் விளம்பரப்படுத்தப்படாத நிறுவனத்தையும் இம்முறையில் அணுகலாம்.

இதற்குத் தேர்வு செய்யப்படுபவர் அரிய திறன் உடையவராகவும், உடனே தொடங்கக்கூடியவராகவும், கட்டணத்தில் நியாயமானவராகவும், முன்னைய மேலாளர்களின் நற்சான்று உடையவராகவும் இருப்பார். அணுகப்படும் மேலாளர் அவரை அமர்த்தாவிடினும், "இவர் வேண்டாம், ஆனால் தரவுத்தளம் அறிந்த ஒருவர் இருந்தால் சொல்லுங்கள்" என்று கூறக்கூடும். இவ்வாறு ஒருவரை முன்னிறுத்தும் முயற்சி, வெளியே தெரியாத தேவைகளை வெளிக்கொணரும். இல்லாத ஒருவரைப் புனைந்து இவ்வாறு அணுகுவதும் நடைபெறுகிறது. மேலாளர் நேர்காணல் கேட்டவுடன் பொய் வெளிப்படும் என்பதால் அது நீடிப்பதில்லை.

== கட்டணக் கணக்கு ==

பெஞ்சின் பொருளாதாரத்தைப் பின்வரும் எடுத்துக்காட்டால் விளக்கலாம். எண்கள் விளக்கத்திற்காக மட்டுமே.

* இறுதி வாடிக்கையாளர் தருவது: மணிக்கு 80 டாலர்
* முதன்மை முகவர் இடை முகவருக்குத் தருவது: 70 டாலர்
* இடை முகவர் பணிவழங்குநருக்குத் தருவது: 64 டாலர்
* பணிவழங்குநர் பணியாளருக்குத் தருவது: 40 டாலர்
* பணிவழங்குநர் செலுத்தும் சமூகப் பாதுகாப்பு, மருத்துவ வரிகள் (7.65 விழுக்காடு): 3.06 டாலர்

பணிவழங்குநருக்கு எஞ்சுவது மணிக்கு 20.94 டாலர். மருத்துவக் காப்பீடு, நுழைவிசைவுச் செலவு, அலுவலகச் செலவு ஆகியன இதிலிருந்தே செல்ல வேண்டும்.

இப்போது பணியாளர் 6 வாரங்கள் பெஞ்சில் இருப்பதாகக் கொள்வோம். வாரத்திற்கு 40 மணி வீதம் 240 மணி நேரத்திற்கு 9,600 டாலர் ஊதியம். வரியுடன் 10,334 டாலர். இதனை ஈடுசெய்ய அவர் ஏறத்தாழ 493 மணி நேரம், அதாவது 12 வாரங்களுக்கு மேல், பணியாற்ற வேண்டும். சிறு நிறுவனம் ஒன்றில் ஒரே நேரத்தில் ஐவர் பெஞ்சில் இருந்தால் அந்நிறுவனம் தள்ளாடும்.

பெஞ்ச் ஊதியத்தைத் தராமல் விடும் ஆசை, பொருந்தாத வேலைக்கு ஆளை அனுப்பும் அவசரம், அனுபவத்தைக் கூட்டி எழுதும் வழக்கம் ஆகியன இக்கணக்கிலிருந்தே பிறக்கின்றன. திட்டம் முடிவதற்கு 4 முதல் 6 வாரங்களுக்கு முன்பே பணியாளரைச் சந்தைப்படுத்தத் தொடங்குவதே இதற்கு நேர்மையான தீர்வு எனக் கருதப்படுகிறது.

== சட்டநிலை ==

=== பெஞ்ச் ஊதியம் ===

1998 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, வேலை ஒதுக்கீடு இல்லை என்பது போன்ற பணிவழங்குநர் சார்ந்த காரணங்களால் எச்-1பி பணியாளர் வேலையின்றி இருப்பினும், அவருக்கு உரிய ஊதியம் முழுமையாகத் தரப்பட வேண்டும். பணியாளர் தாமே கேட்டுப் பெறும் விடுப்பு போன்றவை மட்டுமே விலக்கு. ஐக்கிய அமெரிக்காவுக்குள் புதிதாக வந்தவர் இன்னும் வேலை தொடங்காவிடினும், வந்த 30 நாட்களுக்குள் ஊதியக் கடமை தொடங்கிவிடும். உள்நாட்டிலேயே நிலை மாறியவர்க்கு இது 60 நாட்கள் ஆகும்.

இக்கடமை முடிய வேண்டுமெனில் பணிநீக்கம் முறைப்படி நடைபெற வேண்டும். பணியாளருக்கு அறிவித்தல், குடிவரவுத் துறைக்கு அறிவித்தல், நாடு திரும்பும் பயணச் செலவை ஏற்க முன்வருதல் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். "திட்டம் கிடைக்கும்வரை ஊதியம் இல்லை" என்னும் வாய்மொழி ஏற்பாடு செல்லாது. நுழைவிசைவு மனுவுக்கான வழக்கறிஞர் கட்டணத்தைப் பணியாளரிடம் வசூலிப்பதும் தடுக்கப்பட்டுள்ளது.

=== பணியிடம் ===

எச்-1பி மனுவுடன் தாக்கலாகும் தொழிலாளர் நிலை விண்ணப்பம், ஒரு குறிப்பிட்ட பணியிடத்தையும் அவ்விடத்திற்குரிய ஊதியத்தையும் குறிக்கிறது. 2015 ஆம் ஆண்டின் சிமியோ தீர்ப்பின்படி, அன்றாடம் சென்றுவரக்கூடிய பகுதிக்கு வெளியே பணியிடம் மாறினால், திருத்திய மனு தாக்கல் செய்யப்பட வேண்டும். ஆகவே டெக்சாசில் உள்ளவரை நியூ செர்சியில் அமர்த்தும் விற்பனையாளர், இதற்கான காலத்தையும் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பிறர் பணியிடத்தில் அமர்த்தப்படுவோருக்கு வாடிக்கையாளருடனான ஒப்பந்தம் முதலிய ஆவணங்களைக் கோரும் வழிகாட்டல் 2018 இல் வெளியானது. 2020 மார்ச்சில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஒன்று இதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சூனில் வழிகாட்டல் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகள், மூன்றாம் தரப்பிடம் பணியாற்றுபவரின் கல்வித் தகுதியை மதிப்பிடும்போது அம்மூன்றாம் தரப்பின் தேவையையே முதன்மையாகக் கொள்ளுமாறு கூறுகின்றன. 2025 செப்டெம்பரில் வெளியான குடியரசுத் தலைவர் பிரகடனம், நாட்டுக்கு வெளியே உள்ளோருக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு 100,000 டாலர் கட்டணத்தை விதித்தது.

=== பாகுபாடும் எரிதமும் ===

"எச்-1பி மட்டும்", "மாணவர் நுழைவிசைவு உடையோர் மட்டும்" என்று விளம்பரம் செய்வது குடியுரிமை நிலை சார்ந்த பாகுபாடு ஆகும். சட்டமோ அரசு ஒப்பந்தமோ கோராத நிலையில் "குடிமக்கள் மட்டும்" என்பதும் அவ்வாறே. 2003 ஆம் ஆண்டின் கேன்-ஸ்பாம் சட்டம், வணிக மின்னஞ்சல்களில் அனுப்புநரின் அஞ்சல் முகவரியும், இனி வேண்டாம் என்று விலகும் வழியும் இருத்தல் வேண்டும் என்கிறது. பெரும் எண்ணிக்கையில் ஹாட்லிஸ்ட் அனுப்பும் நிறுவனங்களையும் இது கட்டுப்படுத்தும்.

== இந்தியாவிலிருந்து செயற்படல் ==

பெஞ்ச் விற்பனையாளர்களில் பெரும்பகுதியினர் ஐதராபாத்து, சென்னை போன்ற இந்திய நகரங்களிலிருந்து இரவுப்பணியில் வேலை செய்கின்றனர். ஐக்கிய அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்பது, கோடையில் இந்திய நேரம் மாலை 6.30, குளிர்காலத்தில் மாலை 7.30. கணினித் துறையில் படிக்காதவர்களும் இவ்வேலைக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றனர். ஊதியத்தின் ஒரு பகுதி, எத்தனை பேரை அமர்த்தினார் என்பதைப் பொறுத்தே அமையும்.

இதனால், தாம் ஒருபோதும் காணாத ஒருவரின் வாழ்வை, தாம் ஒருபோதும் செல்லாத நாட்டின் சட்டங்களுக்கு உட்பட்டு ஒருவர் முடிவுசெய்யும் நிலை உருவாகிறது. மனு, பணியிடம், ஊதியம் பற்றிய அடிப்படை விதிகளை விற்பனையாளருக்குக் கற்பிக்காத நிறுவனத்தில், ஒரு தவறான அனுப்புதல் பணியாளரின் நிலையையே இடருக்குள்ளாக்கும்.

== தீய வழக்கங்கள் ==

* போலி அனுபவம்: புதிதாகப் படிப்பு முடித்தவரை 7 ஆண்டு அனுபவம் உடையவராகக் காட்டுதல். பின்னணிச் சோதனையில் பிடிபட்டால் வேலையுடன் எதிர்கால நுழைவிசைவு வாய்ப்பும் பாதிக்கப்படும்.
* மாற்றாள் நேர்காணல்: பணியாளருக்குப் பதிலாக மற்றொருவர் தொலைபேசியில் விடையளித்தல்.
* ஒப்புதலின்றி அனுப்புதல்: பணியாளர் அறியாமல் அவரது குறிப்பைப் பல இடங்களுக்கு அனுப்புதல்.
* பட்டியல் திருட்டு: பிற நிறுவனத்தின் பட்டியலில் உள்ளோரைத் தம்முடையோராகக் காட்டுதல்.
* பயிற்சிக் கட்டணம்: வேலை உறுதி எனக் கூறிப் பணியாளரிடமே பணம் பெறுதல்.

இவ்வழக்கங்களால் முகவர்கள் கார்ப்-டு-கார்ப் பணியாளர்களை ஐயத்துடன் அணுகுகின்றனர். உண்மையான அனுபவம் உடையவரும் ஒளிப்பட அடையாள அட்டையைக் காட்டிக் காணொளியில் தோன்ற வேண்டியவராகிறார்.

== பணியாளருக்குள்ள வழிகள் ==

எச்-1பி பணியாளர் பணிவழங்குநரை மாற்றிக்கொள்ள இயலும். 2000 ஆம் ஆண்டின் சட்டப்படி, புதிய நிறுவனம் மனுவைத் தாக்கல் செய்தவுடன், ஒப்புதலுக்குக் காத்திராமல் அங்கு வேலையைத் தொடங்கலாம். வேலை இழந்தவருக்கு 2017 முதல் 60 நாட்கள் வரை, அல்லது அனுமதிக் காலம் முடியும்வரை, இவற்றுள் எது குறைவோ அதுவரை, தங்கி வேறு வழி தேட அவகாசம் உண்டு.

பெஞ்ச் ஊதியம் மறுக்கப்பட்டவர், தொழிலாளர் துறையின் ஊதிய மணிநேரப் பிரிவில் டபிள்யூஎச்-4 என்னும் படிவத்தின் மூலம் முறையிடலாம். நிகழ்வு நடந்த 12 மாதங்களுக்குள் இதனைச் செய்ய வேண்டும். ஊதியச் சீட்டுகள், பணி ஒதுக்கீடு கேட்டு அனுப்பிய மின்னஞ்சல்கள், தொழிலாளர் நிலை விண்ணப்பத்தின் படி ஆகியன சான்றாகப் பயன்படும். இவ்விண்ணப்பத்தின் படியைப் பணியாளருக்குத் தருவது பணிவழங்குநரின் கடமை ஆகும். முறையிட்டமைக்காகப் பழிவாங்குவதைச் சட்டம் தடுக்கிறது.

== இவற்றையும் பார்க்கவும் ==

* எச்-1பி நுழைவிசைவு
* மனிதவள மேலாண்மை
* ஒப்பந்தத் தொழிலாளர்
* புறத்திறனீட்டம்
* 2000 ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கல்

பகுப்பு: தகவல் தொழில்நுட்பம்
பகுப்பு: வேலைவாய்ப்பு